எண்ணக் கூடாத குஞ்சுகள்

...அந்தக் கோழி குஞ்சுகளை ராத்திரியே கொத்திக் கொன்று போட்டிருந்தால் அதுவும் ஒரு வகையில் நல்லதுதான், என்று மாடிப்படித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றபோது தஃபீதாவுக்குத் தோன்றியது, தோன்றிய மறுநொடி அஸ்தக்ஃபிருல்லாஹ், இறைவா மன்னித்துவிடு, என்று முணுமுணுத்தாள், நோன்பு பிடித்த வாய், வெயில்கூட இன்னும் சரியாக ஏறவில்லை, அதற்குள் கொலை நினைப்பு வந்தால் மாலைப் பாங்குக்குள் இந்த நோன்பில் என்ன மிஞ்சும், வெறும் பட்டினிதான் மிஞ்சும். ஆனால் செத்திருந்தால் சிக்கல் இல்லை, மேல்வீட்டுத் தௌலத் வந்து கோழிக்கூட்டைத் திறப்பாள், ஐயோ இந்தக் குஞ்செல்லாம் எங்கிருந்து வந்தது என்பாள், எனக்கென்னடி தெரியும், பூனை வேலையாக இருக்கும் என்று சொல்லிவிடலாம்... பூனை குஞ்சைத் தூக்கிக்கொண்டு போகும், கொண்டுவந்து வைக்குமா? வைக்காது. சரி, வேறு ஏதாவது சொல்லலாம். உயிரோடு இருந்தால்தான் வம்பு. உயிரோடு இருந்தால் அவை என் குஞ்சுகள் என்று என்றைக்காவது சொல்லியாக வேண்டும், அதற்குத்தானே தலையில் நீலம் வைத்தது, துணிக்குப் போடுகிற நீலம், ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு பொட்டு, வளர்ந்து நிற்கும்போது நீலத்தலை எல்லாம் என்னுடையது, நிமிர்ந்து நின்று சொல்லலாம். திட்டத்தில் ஓட்டையே இல்லை. அவள் போட்ட திட்டத்தில் ஓட்டை இருக்காது, விவசாயக் கூட்டுறவு அலுவலகத்தில் முத்திரை மேசையில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள், அவள் முத்திரை விழாமல் இந்த வட்டாரத்தில் ஒரு மூட்டை யூரியா அசைந்ததில்லை, மேலதிகாரியே அவள் தேநீர் குடித்து முடிக்கும்வரை நின்றிருக்கிறார். மேசைக்கு எதிரே நாற்காலி கிடையாது என்பதால் எல்லோருமே நின்றுகொண்டுதான் இருப்பார்கள், அது வேறு விஷயம்.

விரல்களைப் பார்த்தாள். எலுமிச்சை போட்டுத் தேய்த்தாயிற்று, சாம்பல் போட்டாயிற்று, நகக்கண்ணில் உட்கார்ந்த நீலம் அசைய மாட்டேன் என்கிறது. விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு வெந்த அவரைக்கொட்டையைப் பிசைந்துகொண்டிருந்தபோது கணவர் பயூமி கையைப் பார்த்துவிட்டு, என்னம்மா, மறுபடியும் ஆபீஸ் போக ஆரம்பிச்சிட்டியா, என்றார், வாயில் ரொட்டி, முகத்தில் ஒரு சிரிப்பு, முப்பது வருஷம் அலுவலகத்திலிருந்து வந்த பெண்டாட்டியைப் பார்த்து ஒரு வாய்த் தண்ணீர் வேண்டுமா என்று கேட்காத மனுஷன் விரலை மட்டும் கவனித்துவிடுவார். உங்க அங்கிக்கு நீலம் போட்டேன் என்றாள். நீயா, என்று மட்டும் கேட்டார், அதற்குமேல் கேட்கவில்லை, அவருக்கும் நோன்பு.

கேட்டிருக்கலாமே, நேராக தௌலத்திடமே கேட்டிருக்கலாமே, தௌலத், உன் கோழி நேற்றுத்தான் பொரித்திருக்கிறது, நானும் ஒரு நாள் குஞ்சு வாங்கியிருக்கிறேன், சேர்த்து வளர்க்கட்டுமே, என்று. கேட்டால் மாட்டேன் என்று சொல்பவளாக இருந்தால் கேட்டிருப்பேன். சரி என்பாள். அதுதானே வியாதி. சரிக்கா, அதுக்கென்னக்கா, என்பாள், குரலில் வெண்ணெய் உருகும், கன்னத்தில் அந்தக் குழி விழும், எடுத்து அணைத்துக்கொள்வாள், அப்புறம் ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்ட மாட்டாள், சொல்லிக்காட்டுகிறவள் என்றால் பதிலுக்குச் சண்டையாவது போடலாம்... கொழுந்தன் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், மேல்வீட்டில் குடிவைத்தார்கள், என் தலைக்கு மேலேயே நடமாட்டம், நடந்தால்கூடச் சத்தம் வராத கால். ஓரகத்தி என்றால் ஒரு மரியாதைக்காவது சண்டை வேண்டாமா, தெருவில் எத்தனை வீட்டில் அண்ணன் பெண்டாட்டியும் தம்பி பெண்டாட்டியும் மொட்டைமாடிக் கொடிக்கயிற்றுக்காகவே தலைமுடியைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள், இவள் கயிற்றையே அவிழ்த்துக் கையில் தருவாள். பிள்ளை இல்லாதவள். பாவம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சொல்வேன், முதல் ஆளாகச் சொல்வேன்.

இன்ஷிராஹ் போனில் பேசினாளே, புகுந்த ஊர் தன்தாவிலிருந்து, வயிறு தள்ளியிருக்கிறதாம், படுத்தால் புரள முடியவில்லையாம், இலையுதிர் காலத்தில் பிரசவம், மகள் என்று ஒன்றே ஒன்று. கூடைக்கு என்னடி வேணும், என்று கேட்டேன், தாய் என்று ஒருத்தி இருந்தால் கேட்க வேண்டியது அதுதானே, பிள்ளை பெற்ற மகளுக்குத் தாய்வீட்டிலிருந்து கூடை போக வேண்டும், நெய், அரிசி, சோப்பு, எல்லாவற்றுக்கும் மேலே உயிருள்ள நாட்டுக்கோழிகள், கூடைக்கு வெளியே தலை நீட்டிக்கொண்டு போக வேண்டும், அந்தத் தெருப் பெண்கள் பால்கனியில் நின்று பார்ப்பார்கள், கடைக்கோழியா கையால் வளர்த்ததா என்று கொண்டையைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள், யார் வளர்த்தது என்று கேட்பார்கள். அதற்கு அவள் என்ன சொன்னாள்? "நீ ஒண்ணும் சிரமப்படாதேம்மா, உனக்குத்தான் கோழி தங்காதே, சித்தி என் பேரைச் சொல்லியே கோழியை அடைக்கு வச்சிருக்கா." என் பேரைச் சொல்லியே. தங்காதே. போன வருஷம் மின்சாரம் போய் பல்பு அணைந்து என் குஞ்சுகள் ஒட்டுமொத்தமாக விறைத்துக் கிடந்ததை எவள் சொன்னாள் இவளிடம், சித்திதான் சொல்லியிருப்பாள், வருத்தமாகச் சொல்லியிருப்பாள், அழுதேகூட இருப்பாள், அந்தக் கண்ணீர் இருக்கிறதே... சரிம்மா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, வைத்த கையோடு மாவு பிசைந்தேன், மாவைப் பிசையவில்லை, யாரையோ பிசைந்தேன்.

படியில் இன்னும் ஒரு திருப்பம் இருந்தது. மேல்வீட்டுக்காரியின் வாசலைத் தாண்டுவதுதான் முழங்காலுக்கு எப்போதும் கஷ்டம். கதவு சாத்தியிருந்தது, உள்ளே பாத்திரச் சத்தம், விழித்துவிட்டாள், இப்போது வருவாள். முந்திக்கொண்டு போய்ப் பார்த்துவிட வேண்டும், செத்தது எதுவும் இருந்தால் எடுத்து முந்தானையில் போட்டுக்கொள்ள வேண்டும். குஞ்சுக்காரன் வந்த காலையும் இதே படியில்தான் இறங்கி ஓடினேன், மூன்று சக்கர வண்டியில் கூண்டு கூண்டாக மஞ்சள் கத்தல், கூவிக்கொண்டே வந்தான், நான் வாசலில் நின்று இன்ஷிராஹ் அம்மா வீட்டுக்கு ஒரு பெட்டி நல்ல குஞ்சாப் போடுப்பா என்றேன், என் பேரை யாரும் சொல்வதில்லை, எனக்கே மறந்துவிடும், பிள்ளை பெற்றவளுக்குப் பிள்ளை பேர்தானே கௌரவம், அவனானால் கூண்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "இன்ஷிராஹ் அம்மான்னா மேல்வீட்டம்மாதானே, கோழி பொரிச்சாச்சே அவங்களுக்கு, இன்னும் எதுக்கு குஞ்சு?" என்று கேட்டான். மேல்வீட்டம்மா. இந்த ஊரில் வண்டிக்காரனுக்கும் தெரிந்திருக்கிறது. "நான்தான்டா பெத்தவ," என்றேன், தெருவே கேட்டிருக்கும், கூண்டுக்குள் குஞ்சுகள்கூட ஒரு கணம் வாயை மூடின. அவன் பயந்துபோய் ஒரு குஞ்சு கூடுதலாகவே போட்டான்.

பெற்றது நான், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, ஆஸ்பத்திரியில் கிடந்து கத்தியது நான். நாற்பதாம் நாள் முடிந்ததும் அலுவலகம் கூப்பிட்டுவிட்டது, அப்போது உர விநியோகம் நடக்கிற காலம், நான் போகாவிட்டால் டெல்டாவே தரிசாகிப்போயிருக்கும் என்றுதான் நினைத்தேன், போகாத ஒரு வாரம் ஜுரத்தில் கிடந்தபோது அலுவலகப் பையன் அந்த முத்திரையை எடுத்துத் தானே குத்தியிருக்கிறான், பருத்தி நன்றாகத்தான் விளைந்தது. சாயங்காலம் மினிபஸ்ஸில் இடிபட்டு வந்து இறங்கி நேராக மேலே ஏறுவேன், பிள்ளை அவள் இடுப்பில் இருக்கும், கன்னத்தைக் கிள்ளுவேன், மை விரல் கன்னத்தில் நீலமாகப் பதியும். தௌலத் எச்சிலைத் தொட்டுத் துடைத்துவிடுவாள். துடைத்துவிட்டுச் சிரிப்பாள். மறுநாளும் வைப்பேன், மறுநாளும் துடைப்பாள்... அதை எதற்கு இப்போது நினைக்கிறேன்?

மொட்டைமாடிக் கதவைத் தள்ளினாள். புறாக்கூட்டின் நிழல், டிஷ் ஆன்டெனாக்கள், மூலையில் தௌலத்தின் பழைய கேஸ் அடுப்பு, கீழே ரொட்டி சுடுகிற பெட்டி உள்ள பெரிய அடுப்பு, கதவு எப்போதோ கழன்றுபோய் அட்டை வைத்து மூடிக் கல்லை முட்டுக்கொடுத்திருக்கிறாள், அதற்குள்தான் கோழி. ஹானிம் என்று பேர் வைத்திருக்கிறாள், சீமாட்டியாம், எந்தப் பாஷா மாளிகையிலிருந்து வந்ததோ, கழுத்தில் இறகே இல்லாத சனியன். நேற்று மாலை பாங்கு சொன்ன நேரம், ஊரே பேரீச்சம்பழத்தை வாயில் போடுகிற நேரம், அந்த ஒரு நேரத்தில்தான் எந்த மொட்டைமாடியிலும் ஆள் இருக்காது, அரைவெளிச்சம் வேறு, கோழிக்குக் கண் மங்கினால்தான் அந்நியக் குஞ்சை ஏற்கும், பகலில் வைத்தால் நிறத்தைப் பார்த்துக் கொத்தும் என்று யாருக்குத்தான் தெரியாது. வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் இங்கே மண்டியிட்டேன், நான், பாங்கின் முதல் எழுத்துக்கே நோன்பு திறக்கிறவள் என்று ஊருக்கே சொல்கிறவள். அட்டையை விலக்கினேன். உள்ளே இருட்டு, அந்தச் சூடு, தவிடும் இறகும் கலந்த அந்த வாடை, ஓரம் உடைந்த பூப்போட்ட தட்டு ஒன்றில் தண்ணீர். ஹானிம் உறுமினாள், கோழி உறுமுமா என்றால் உறுமும், அடியிலிருந்து ஒரு சத்தம், உடம்பு இரண்டு மடங்காக உப்பிற்று. குஞ்சைக் குவித்த கைக்குள் வைத்து, புறங்கை கோழியின் அலகுப் பக்கம் இருக்கும்படி கொண்டுபோனேன், கொத்தினாள், மணிக்கட்டில் ரத்தம், கொத்துடி, இன்னும் கொத்து, என்றேன் மனசுக்குள், உன் பிள்ளை இல்லை இது, தெரிகிறதா, அந்நியம், நாற்றம் பிடித்து விரட்டு பார்க்கலாம்... எதற்காக அப்படிச் சொன்னேன்? உயிர் பிழைக்கட்டும் என்று கொண்டுவந்துவிட்டு, ஏற்காதே ஏற்காதே என்று எதற்கு உள்ளே ஒருத்தி கத்தினாள்? குஞ்சு அடிவயிற்றைத் தொட்டதும் ஒரு முனகல். சிறகு கொஞ்சம் தூக்கிக் கொடுத்தது. அவ்வளவுதான். ஒரு கேள்வி இல்லை. அடுத்தது, அடுத்தது, எல்லாவற்றுக்கும் சிறகைத் தூக்கினாள், வெட்கம்கெட்டவள், எஜமானி எப்படியோ அப்படி. கடைசிக் குஞ்சு போனதும் படியிலிருந்து குரல், "அக்கா, மேலயா இருக்கீங்க? பாங்கு சொல்லியாச்சே!" துணி எடுக்க வந்தேன்டி, என்றேன். கொடியில் துணியே இல்லை. மேலே ஏறி வரவில்லை அவள். ஏன் ஏறி வரவில்லை?

கல்லில் கை வைத்த நேரம் பின்னால் செருப்புச் சத்தம். வந்துவிட்டாள். தலைக்கு மேலே தண்ணீர்க் குடம், கை நிறையத் தவிட்டில் பிசைந்த பழைய ரொட்டி, அக்குளில் ஒரு தட்டு, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டும் மூச்சு வாங்கவில்லை.

"அக்கா! இவ்ளோ சீக்கிரம் ஏறி வந்திருக்கீங்க? முட்டி வலின்னீங்களே."

"வலிதான். காத்து வாங்கலாம்னு வந்தேன். ஏன், உன் கோழி இருக்கிற மாடிக்கு வர உன்கிட்ட அனுமதி வாங்கணுமா?"

"ஐயையோ, வாங்க வாங்க, நீங்க இருந்தா எனக்கும் தைரியம். நேத்து ராத்திரி பூரா கீச் கீச்னு ஒரே சத்தம்க்கா, என் படுக்கைக்கு நேர் மேலதானே. ஹானிம் இந்த வாட்டி நிறையத்தான் பெத்திருக்கா போல."

நிறைய. வேண்டுமென்றே சொல்கிறாளா? முகத்தைப் பார்த்தாள். குழி விழுந்த கன்னம், அங்கே எதையும் படிக்க முடியாது. கைகளை முந்தானைக்குள் சொருகிக்கொண்டாள். தௌலத் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்து கல்லை நகர்த்தினாள், அட்டையை எடுத்தாள், வெயில் உள்ளே விழுந்தது, தஃபீதா கண்ணை மூடிக்கொண்டு யா சத்தார், மறைப்பவனே, மறைத்துவிடு, என்றாள், மறைக்க வேண்டியது என்ன என்று அவனுக்கே விட்டுவிட்டாள்.

கண்ணைத் திறந்தாள்.

ஹானிம் எழுந்து வெளியே வந்தாள். மார்பு நீலம், வயிறு நீலம், இறகில்லாத அந்தக் கழுத்துகூட நீலம், சாயத்தொட்டியில் விழுந்தெழுந்த சீமாட்டி. பின்னாலேயே குஞ்சுகள், ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு, ஒன்றுகூடச் சாகவில்லை, எல்லாம் நீலம், தலை நீலம், முதுகு நீலம், பொட்டுமில்லை வட்டமுமில்லை, இவளுடையதும் நீலம், என்னுடையதும் நீலம். நீலம் கரைத்தபோது கெட்டியாக இருந்தால்தான் நிற்கும் என்று அள்ளிப் போட்டேனே... காய விட்டேனா? பாங்கு சொல்லிவிட்டான் என்ற அவசரத்தில் ஈரத்தோடேயே... ராத்திரி முழுக்க அந்தச் சூட்டில் ஒட்டிப் புரண்டு ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஏறியிருக்கிறது. முத்திரை மேசைக்காரி. முப்பது வருஷ அனுபவம். மை காயாமல் காகிதத்தை மடித்தால் என்ன ஆகும் என்று அலுவலகப் பையனைத் திட்டாத நாள் உண்டா?

தௌலத் கோழியைப் பார்த்தாள். குஞ்சுகளைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, தஃபீதாவின் முந்தானையிலிருந்து நழுவி வெளியே வந்துவிட்ட விரல்களைப் பார்த்தாள். இதோ வருகிறது, என்று தஃபீதா பல்லைக் கடித்தாள், இத்தனை வருஷம் கழித்து, வரட்டும், ஒருமுறை கத்து, திருடி என்று சொல், நானும் நாலு வார்த்தை பேசிக்கொள்கிறேன், நோன்பைப் பெருநாள் கழித்துக் கூடுதலாக ஒன்று வைத்துக்கொள்ளலாம். தௌலத்தின் கண் கலங்கியது. கையைப் பிடித்தாள், நீலமான அந்த விரல்களை எடுத்து முத்தமிட்டாள்.

"என் கோழிக்குக் கண்ணு படக் கூடாதுன்னா அக்கா? அதுக்குத்தான் பட்டினியோட நேத்து மேல வந்தீங்களா?"

என்ன?

"நான் மறந்தே போயிட்டேன் பாருங்க, குஞ்சு பொரிச்சா கண்ணு படாம நீலம் காட்டணும்னு. ஒரு நீல மணிகூடக் கட்டல. நீங்க ஞாபகம் வச்சு... அதுவும் ஒரு பொட்டு வச்சாப் போதாதுன்னு மொத்தமா முழுக்காட்டியிருக்கீங்களே, அக்கா, எந்தக் கண்ணு இதுக்கு மேல படும்?"

"பின்ன..." என்றது தஃபீதாவின் வாய், வாயே பேசிற்று, "தெருவுல கண்ணு கொஞ்சமாவா இருக்கு? பொறாமை பிடிச்சதுங்க."

"அதைச் சொல்லுங்க."

"சில பேர் கண்ணு கல்லையே உடைக்கும்."

"உடைக்கும்க்கா. அல்லாஹ் காப்பாத்தணும்."

இதைவிட அவள் அறைந்திருக்கலாம். ஆனால் குஞ்சு என் குஞ்சு, வாங்கியது நான், ஊர்க் கண்ணுக்குக் காவல்காரியாகப் பேர் வாங்கவா நாக்கு வறண்டு மண்டியிட்டேன்? தொண்டையைச் செருமிக்கொண்டாள், சாதாரணமாகக் கேட்பதுபோல, "அது சரி, மொத்தம் எத்தனைடி பொரிச்சுது உனக்கு?" என்றாள், எண்ணிக்கை சொன்னால் மிச்சம் என்னுடையது என்று கணக்குத் தீர்த்துவிடலாம், நீலம் போனால் போகட்டும், கணக்கு இருக்கிறது.

தௌலத் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். "எண்ணுவாங்களாக்கா? பொரிச்ச குஞ்சை யாராவது எண்ணுவாங்களா, எண்ணினாலே கண்ணு பட்டுடாதா? இவ்ளோ காவல் பண்ணிட்டு நீங்களே இப்படிக் கேக்கலாமா? இருக்கிறது இருக்கு. எல்லாம் நம்ம இன்ஷிராஹ் கூடைக்குத்தானே." பிறகு குடத்தைச் சாய்த்துக்கொண்டே, யாருக்கோ சொல்வதுபோல, "சாயங்காலம் போன் பண்ணிச் சொல்லணும் அவகிட்ட. உன் கூடைக்கு வர்ற கோழியெல்லாம் உங்கம்மா கை பட்ட கோழிடீன்னு."

உங்கம்மா. அந்தச் சொல்லை எவ்வளவு லேசாகத் தூக்கிக் கொடுக்கிறாள், கயிற்றை அவிழ்த்துக் கொடுத்த மாதிரி. என்னால் முடியுமா, ஒருநாள், ஒரே ஒருநாள், உன் சித்தி வளர்த்தது என்று வாய் நிறையச் சொல்ல? ஏழை எளியவருக்கு நோன்புக் கஞ்சி கொடுத்திருக்கிறேன், உம்ரா போயிருக்கிறேன், அக்கம்பக்கம் ஹாஜியம்மா என்று கூப்பிட்டால் அது ஹஜ் இல்லை, சின்ன யாத்திரை உம்ராதான் என்று திருத்தாமல் இருக்கிற அளவுக்குப் பெருந்தன்மை உண்டு, ஆனால் இது... கோழி உறுமுமா என்றால் உறுமும். சிறகைத் தூக்குவது வேறு.

தௌலத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஓரம் உடைந்த பூப்போட்ட தட்டு நிறைந்தது. பக்கத்தில் இன்னொரு தட்டு, புதுசு, அதுவும் நிறைந்தது. கூட்டம் இரண்டாகப் பிரிந்து இரண்டு தட்டையும் சூழ்ந்துகொண்டது, இடிபடாமல், எல்லாக் குஞ்சுக்கும் வாய் எட்டியது, அளவெடுத்தாற்போல. தஃபீதா பார்த்துக்கொண்டே நின்றாள். நேற்றுவரை ஒரு தட்டுதான். அட்டையைத் திறக்கும் முன்னால்... படியேறி வரும்போதே அக்குளில் இந்தப் புதுசு இருந்ததே. எண்ணக் கூடாது என்றவள் எப்போது எண்ணினாள்? ராத்திரி கீச் கீச் சத்தத்திலா, விடியுமுன் வந்து பார்த்தாளா, நேற்று அந்தப் படியில் நின்றபடியேவா? தெரிந்துகொண்டா கையை முத்தமிட்டாள்? அப்படியானால் அந்தக் கண்ணீர்...

"இந்தத் தட்டைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்கக்கா, கவுத்திடும்," என்றாள் தௌலத், நிமிராமல்.

தஃபீதா குந்தி உட்கார்ந்து பிடித்துக்கொண்டாள். முழங்கால் கத்திற்று. ஒரு குஞ்சு தண்ணீர் குடித்து முடித்து, தலையைத் தூக்கி ஒரு சொட்டை உள்ளே இறக்கிவிட்டு, எங்கே போவது என்று தெரியாமல் அவள் பாதத்தின் மேல் ஏறி நின்றது, நடுங்கிற்று, பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டது, சின்னச் சூடு. யாருடையது இது? குனிந்து பார்த்தாள், நீலமாக இருந்தது. கேட்கலாம் தௌலத்திடம், அவளுக்குத் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. கால் மரத்துக்கொண்டு வந்தது, எடுக்கவும் இல்லை.